தகர டப்பாக்கள்

அவர் குறி வைத்தது டிவியை அல்ல. கேம் துப்பாக்கியின் விசை சிக்குகிறதா என்று பார்க்க, அதன் வாயைத் தோளுக்குப் பின்னால், பின்னறைக்குப் போகும் நடைவழிப் பக்கம் திருப்பிவைத்து ஒரு தரம் அழுத்தினார். பின்னால் வெறும் இருட்டு. ஆனால் முன்னால் திரையில், மதில்மேல் வரிசையாக நின்ற தகர டப்பாக்களில் ஒன்று ‘டிங்’ என்ற சத்தத்தோடு கவிழ்ந்தது.

“மலிவுச் சாமான் புத்தியைக் காட்டுது,” என்று முணுமுணுத்தார்.

தெரு முழுக்க அவரைப் பெரியவர் என்றுதான் அழைத்தது. குடிநீர் அலுவலகத்தில் மேலாளர். நிமிர்ந்த முதுகு, மடிப்புக் கலையாத சட்டை, ஒருவரிடமும் கைகட்டி நின்றதில்லை என்ற பெயர். அந்த மனிதருக்கு இப்படியொரு பொழுதுபோக்கு உண்டென்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கூடத்துத் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, பழைய வீடியோ கேம் கன்சோல்களின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பேர்பெற்ற கம்பெனிகளின் அசல் பெட்டிகள்மேல் அவருக்கு ஆசையில்லை. அவற்றைப் பார்த்துப் பார்த்து மலிவாகச் செய்த நகல்கள்தான் அவருக்குப் பிடிக்கும். இப்போது வருகிற கையடக்கக் கருவிகளை அவர் மதிப்பதே இல்லை. “ஆயிரம் ஆட்டம் உள்ள இருக்கும்பான். பாதி ஆட்டம் ஒரே ஆட்டம்தான், சட்டைய மட்டும் மாத்திக்கிட்டு வரும்,” என்பார். பட்டனை அழுத்தினால் ஈரக் களிமண்ணை அழுத்துவதுபோல் இருக்கும் என்பது இன்னொரு புகார். தட்டை டிவியையும் அவர் கூடத்தில் சேர்க்கவில்லை. துப்பாக்கி ஆட்டம் பின்பக்கம் புடைத்த பழைய டிவியில்தான் வேலை செய்யும்.

ஏனென்றால் அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அதன் குழாய்க்குள் ஒரு கண் இருக்கிறது. விசையை அழுத்தும் கணத்தில் அந்தக் கண்ணில் வெளிச்சம் பட்டால் டப்பா விழும், படாவிட்டால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். நல்ல கம்பெனிப் பெட்டிகள் ஏமாறாது. நகல் பெட்டி ஏமாறும், டிவிக்குப் பதில் எரிகிற பல்பைக் காட்டினாலும் போதும். சின்ன வயதில் அவருடைய தம்பி கூரை விளக்கைச் சுட்டுச் சுட்டே எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தவன். “குறி யாருக்கு வேணும்ண்ணா? டப்பா விழணும், அவ்வளவுதான்!” என்று கெக்கலி கொட்டுவான்.

நடைவழியில் பல்பு எரியவில்லை. அதன் கோடியில் இருந்தது தம்பியின் அறை. கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

தம்பி திரும்பி வந்து அதிக நாளாகவில்லை. முந்தின வருடம் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போனவன். போலீசுக்குச் சொல்லலாம் என்று மனைவி அழுதபோது, “ஓடிப்போனான்னு ஊரெல்லாம் போட்டோ ஒட்டச் சொல்றியா?” என்று ஒரே பேச்சில் அடக்கிவிட்டார். தேடவில்லை. கேட்டவர்களிடம், வெளியூரில் நல்ல வேலை என்றார். அதையே இத்தனை காலம் சொல்லி, தானே பாதி நம்பியும்விட்டிருந்தார். ஒரு மழை விட்ட அந்தியில் அவன் வாசலில் வந்து நின்றபோது, தெருவுக்குச் சொல்லிவைத்த பொய்தான் கால் முளைத்து வந்துவிட்டதோ என்று தோன்றியது. எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அதையும் மறைக்க வேண்டும்.

துப்பாக்கியின் கண்ணைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சுவரைக் காட்டினார். புஸ். மூடிய ஜன்னலைக் காட்டினார். புஸ். கூரை விளக்கைப் போட்டுக் காட்டினார். டிங். அது நியாயம். விளக்கை அணைத்தார். நடைவழியைக் காட்டினார்.

டிங்.

அங்கே தம்பி நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. காலடிச் சத்தமே கேட்கவில்லை. மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததும் முகத்தில் மோதுமே, இரும்பும் பாசியுமாய் ஒரு குளிர்ந்த வாசனை, அது மட்டும் அவனுக்கு முன்னால் கூடத்துக்குள் வந்தது.

“டீ குடிச்சியாடா?”

“குடிச்சேண்ணா.”

“ஒரு ஆட்டம் ஆடுறியா? பல்பைச் சுட மாட்டியே?”

“சுட மாட்டேண்ணா.”

சிரிப்பில்லை. வந்ததிலிருந்து அவன் பேச்சு அப்படித்தான் இருந்தது. கேட்டதையே திருப்பித் தந்தான், சொந்தமாக ஒரு சொல் சேர்க்கவில்லை. அவன் அறை வாசலில் டீ டம்ளர் இருந்தது. வைத்தபடியே, மேலே ஆடை கட்டி.

மறுநாள் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது மனைவி சமையலறைக்குள் அழைத்தாள்.

“என்னங்க, அவன் படுக்கை விரிச்சது விரிச்சபடி இருக்கு. ஒரு கசங்கல் இல்ல. ராத்திரி எங்கதான் படுக்கிறான்? ஒரு டாக்டர்கிட்ட காட்டலாமா?”

“டாக்டர்கிட்ட போனா தெருவுக்குத் தெரியும். சம்பந்தம் பேச வர்ற நேரத்துல வீட்டுல நோயாளின்னு பேர் வாங்கணுமா?”

மகளுக்கு ஒரு நல்ல இடம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா எதையும் துருவிக் கேட்கிற ஆள். “உங்க தம்பி வெளியூர்லேர்ந்து வந்துட்டாராமே? அவரையும் பார்க்கணும். குடும்பம்னா எல்லாரும் இருக்கணும் பாருங்க,” என்று போனில் சொல்லியிருந்தார். வேறு ஏதோ காதில் விழுந்துதான் கேட்கிறார் என்பது பெரியவருக்குப் புரியாமலில்லை. தம்பியின் நாற்காலி காலியாக இருந்தால் சம்பந்தம் போச்சு. அதோடு குடும்பத்தின் பேரும் போச்சு.

மகள் வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

“அப்பா, சித்தப்பா என் கையப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்க்கிறாரு. விரலெல்லாம் ஜில்லுனு இருக்கு. அவரு தொட்ட இடம் மரத்துப்போகுது. இங்க பாருங்க, கிள்ளினாக்கூட வலிக்கல.”

“சின்னப் பிள்ளை மாதிரி பேசாதே.”

“அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் நான் அத்தை வீட்டுல இருக்கட்டுமா? இல்ல, அவரையாவது எங்கயாவது அனுப்புங்கப்பா. அது சித்தப்பா இல்ல. என்னைப் பார்த்து ஒரு தடவைகூட ‘அடி கோணமூக்கி’ன்னு கூப்பிடலியே!”

அந்தக் கிண்டலுக்கு அவள் எத்தனை தடவை அழுதிருக்கிறாள். இப்போது அது கேட்கவில்லை என்று அழ நின்றாள். பெரியவருக்குத் துப்பாக்கியின் ‘டிங்’ காதில் ஒலித்தது. சொல்லிவிடலாம், அவளை இப்போதே ஆட்டோவில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தார். பிறகு தோளை நிமிர்த்திக்கொண்டார்.

“அவங்க வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே.”

வந்தார்கள். ஐந்தாறு பேர், சாயங்கால வெயில் இருக்கும்போதே. கூடத்தில் நாற்காலிகள் போதாமல் அலுவலகப் பியூன் வீட்டிலிருந்து கேட்டு வாங்கிப் போட்டிருந்தது. தம்பி சலவைச் சட்டையில், சீவிய தலையோடு, அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மகள். அந்த இடத்தில்தான் உட்கார வேண்டும் என்று பெரியவரே கண்ணால் காட்டியிருந்தார்.

“வெளியூர் வாழ்க்கை எப்படி? சௌகரியம்தானே?” என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா.

“சௌகரியம்தான்.”

“அடக்கமான மனுஷன்யா! எங்க வீட்டுலயும் இருக்கானே என் தம்பி, வாயைத் திறந்தா மூட மாட்டான்!” என்று அவர் தொடையைத் தட்ட, கூடமே சிரித்தது. தம்பியும் சிரித்தான், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, அதே அளவு, அதே சத்தத்தில். அவன் கை மகளின் கைமேல் இருந்தது. மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் பிஸ்கட் தட்டை எடுத்து விருந்தாளிகள் பக்கம் நீட்டினார். மறுபடி அவர் திரும்பியபோது அவள் அவரைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. முகம் தெளிந்திருந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல.

அவர்கள் போனதும் மனைவி டம்ளர்களைச் சேர்த்துக்கொண்டு உள்ளே போனாள். வெயில் இறங்கிவிட்டது. ஒருவரும் விளக்குப் போடவில்லை. தம்பி நாற்காலியிலேயே இருந்தான். மகளும்தான்.

பெரியவர் டிவியைப் போட்டார். பெட்டி சூடேறும் மெல்லிய இரைச்சல். பொசுங்கிய தூசியின் வாசனை. மதில்மேல் டப்பாக்கள் வந்து வரிசையாக நின்றன. துப்பாக்கியை எடுத்தார். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தம்பியை நோக்கி நீட்டினார்.

புஸ்.

இன்னொரு தரம். புஸ்.

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். பிறகுதான் கவனித்தார். தம்பியின் வாய் திறந்திருந்தது. தாடை தொங்கிவிட்டிருந்தது. சலவைச் சட்டைக்குள் தோள்கள் இல்லை, எலும்பு இருந்தது. கழுத்துத் தோல் காய்ந்து, எத்தனையோ மாதம் வெயிலில் கிடந்த தோலாக. அவன் எப்போதோ செத்துவிட்டான். யாரும் தேடாத ஏதோ ஓரிடத்தில்.

போன் அடித்தது. இடது கையால் எடுத்தார்.

“எங்க எல்லாருக்கும் பரம திருப்தி!” மாப்பிள்ளையின் பெரியப்பா. “உங்க தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன், குடுங்க.”

“தம்பி... களைப்பா இருந்தான். தூங்கிட்டான்.”

சொல்லிக்கொண்டே வலது கையைத் திருப்பினார். மகள் பக்கம்.

டிங்.

“அது என்ன சத்தம்?”

“டிவி.”

மகள் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள். உள்ளேயிருந்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இருட்டில் அவளுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. “போன்ல அவங்களா? சரின்னுட்டாங்களா?” என்று மகளருகே உட்கார்ந்தாள். “உனக்குச் சம்மதம்தானேடி?”

“சம்மதம்தான்.”

மகள் தலையை அம்மாவின் தோளில் சாய்த்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

எழுந்திரு. ஒரே சொல். தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் போன் காதில் இருந்தது. அந்த முனையில் ஒரு குடும்பமே கேட்டுக்கொண்டிருந்தது.

மனைவியை நோக்கி விசையை அழுத்தினார்.

புஸ்.

“உங்க வீட்டுப் பொண்ணு இனிமே எங்க வீட்டுப் பொண்ணு,” என்றது போன்.

“ரொம்ப சந்தோஷம்,” என்றார் பெரியவர்.

“அடியே, என்னடி கை இப்படி ஜில்லுனு இருக்கு...” மனைவியின் குரல் பாதியில் நின்றது.

கூடத்தில் தொட்டித் தண்ணீரின் வாசனை. டிவியின் நீல வெளிச்சத்தில் இரண்டு முகங்கள், ஒன்றோடொன்று சாய்ந்து, ஒரே புன்னகை. அவர் மறுபடி அழுத்தினார்.

டிங்.