ஐந்து வார்த்தைப் பரீட்சை

மூன்றாவது வார்த்தையைப் பேராசிரியர் சொல்லும் முன்பே தம்பியின் உதடு அதைச் சொல்லி முடித்துவிட்டது. சத்தம் இல்லை. ஆனால் அசைந்தது.

மாடி அறையில் தினமும் நாலு மணிக்கு இந்தப் பரீட்சை. பேராசிரியர் ஐந்து வார்த்தை சொல்வார். ஐந்து நிமிடம் கழித்துத் தம்பி திருப்பிச் சொல்ல வேண்டும். ஒன்றுகூடச் சொன்னதில்லை. இருவரும் இரட்டையர், ஒரே கரு, ஒரே மரபணு, மறதியைக் கொண்டுவரும் பழுதும் பொது. ஒழுக்கம் அந்தப் பழுதைத் தூங்கவைக்கும், கெட்ட பழக்கம் எழுப்பிவிடும் என்பது பேராசிரியரின் ஆயுட்காலக் கண்டுபிடிப்பு. அதைக் கேட்ட சபைகள் தூங்கியதுண்டு, மறுத்ததில்லை. சாட்சிக்கு வீட்டிலேயே ஆள் இருந்தான்: சீட்டும் சிகரெட்டுமாய்ப் பழுதை எழுப்பிவிட்ட தம்பி.

"தெரியலண்ணே," என்று இன்றும் முழித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

பேராசிரியர் நோட்டில் பூஜ்யம் போட்டார். பக்கத்து அறையில் பீரோ முனகித் திறந்தது. அந்துருண்டை வாசனை கதவிடுக்கில் மெல்லக் கசிந்து, மூக்கைத் தொட்டு, எதையோ நினைவுபடுத்தப் பார்த்து, முடியாமல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே மனைவியின் தாழ்ந்த குரல்.

"இன்னிக்கு எத்தனை, தம்பி?"

"மூணு வார்த்தைதான் சொன்னாரு அண்ணி. போன வாரம்கூட நாலு வந்துச்சு."

"சந்தேகம் வரலையே?"

"முழிக்கிறதுக்கு எனக்குச் சொல்லியா தரணும்? பள்ளிக்கூடத்துலேருந்து அதுதானே தொழில்."

அவள் சிரித்தாள். அவருடைய நகைச்சுவைக்கு அப்படிச் சிரித்ததே இல்லை.

"விருது வாங்கிட்டுப் பேசணுமே?"

"மனப்பாடம். அவரு இருமுற இடத்துல இருமுறதுகூட."

"மானம் கப்பலேறாம இருந்தா சரி."

மூன்றா? பேராசிரியர் விரலை மடக்கினார். சாவி. மழை. ஏணி. நாலாவது விரல் மடங்க மறுத்தது. விருதா? யாருக்கு? எழுந்தார். கதவு. வெளித்தாழ்ப்பாள்.

கீழே கார் வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்தினார்.

வாசலில் அவருடைய கோட்டு. கோட்டுக்கு மேல் அவருடைய முகம். நாற்பது வருஷமாக அவர் காலரைச் சரிசெய்த விரல்கள் அந்தக் காலரைச் சரிசெய்தன.

"நான்தான்..." என்று கத்தினார். அடுத்து வர வேண்டிய பெயர் வரவில்லை.

டிரைவர் அண்ணாந்து பார்த்தார். "யாரும்மா அது?"

"சாரோட தம்பி," என்றாள் மனைவி. "பாவம், நினைவு தப்பிடுச்சு."

டிரைவர் இரக்கத்தோடு கையசைத்தார். கண்ணாடிக்குப் பின்னால், அவரைக் கேட்காமலே, பேராசிரியரின் கை மேலெழுந்து, தம்பி அசைப்பதுபோலவே அசைந்தது.