முதலில் பயந்தவள்

பன்னிரண்டாம் வகுப்பில் நாற்பத்தோரு மணிக்கட்டுகளும் பச்சையாக ஒளிர்ந்தால்தான் செண்பகவல்லி டீச்சர் பாடத்தைத் தொடங்கலாம். சட்டம் அப்படி. அச்சத்தடமி என்ற அந்தக் கைப்பட்டை நாடித்துடிப்பையும் வியர்வையையும் ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கும். பயந்தால் மஞ்சள். பயம் பத்துப் பேருக்குத் தொற்றிவிட்டால், யாரிடம் முதலில் தொடங்கியதோ அவர் கையில் சிவப்பு. பெரும்பீதி ஆண்டில் ஒரு வதந்தியை நம்பி ஊர் ஊராக ஓடி, பாலங்களில் மிதிபட்டு ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு வந்த ஏற்பாடு இது. சிவப்பு விழுந்தவரை மதுரை அமைதியகத்தில் ஒரு மண்டலம் வைத்திருந்து பயத்தை அறுத்து அனுப்புவார்கள். திரும்பி வந்தவர்கள் பயப்படுவதில்லைதான். சிரிப்பதும் இல்லை. கோவில்பட்டிப் பிள்ளைகள் அவர்களுக்கு ‘மூலவர்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. பாடம் அமெரிக்க வரலாறு. சேலம், 1692.

“நம்ம சேலமா டீச்சர்? மாம்பழம்?” என்றான் கடைசி பெஞ்சு பூதப்பாண்டி.

“அந்தச் சேலத்துல மாம்பழம் இல்லலே. மரத்துல மனுசங்கதான் தொங்குனாங்க.”

வகுப்பு அடங்கியது. பதினைந்து வருடமாக நடத்தும் பாடம், அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. திடீரென்று அலறி விழுந்து புரண்ட சின்னப் பெண்களைப் பற்றிச் சொன்னாள். ‘அவளோட ஆவி வந்து என்னைக் கிள்ளுச்சு’ என்று அவர்கள் சொன்னதை நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொண்டதைச் சொன்னாள். பத்தொன்பது பேருக்குத் தூக்கு. வாய் திறக்காத ஒரு கிழவரின் மேல் கல் கல்லாக ஏற்றியே கொன்றார்கள்.

“நான் சூனியக்காரிதான்னு ஒத்துக்கிட்டு அடுத்தவங்களைக் காட்டிக் கொடுத்தவங்க பிழைச்சாங்க. இல்லைன்னு நின்னவங்க செத்தாங்க.”

மூன்றாம் பெஞ்சில் சுடலைக்கனியின் கை மஞ்சளானது. தெருநாய் அடிபட்டாலே அன்றைக்குச் சாப்பிடாத பிள்ளை அது. பக்கத்தில் இருந்தவள் அந்த மஞ்சளைப் பார்த்து வீலென்று கத்தினாள். அவ்வளவுதான். பெஞ்சு பெஞ்சாக மஞ்சள் பரவியது. ஒருவன் கதவை நோக்கி ஓடினான், இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். சுடலைக்கனியின் கை சிவந்தது.

அரை மணி நேரத்தில் அச்சத் தடுப்பு அலுவலர் அருள்மணி வந்துவிட்டார். தன்மையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

“யார் உன்னைப் பயமுறுத்துனாங்கன்னு ஒரு பேரு சொல்லும்மா. உன்னை விட்டுட்டு அவங்களைப் பார்த்துக்கிடுதோம்.”

செண்பகவல்லி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். என் பேரைச் சொல்லு. சுடலைக்கனி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

“யாரும் பயமுறுத்தல சார். அந்த ஆளுகளை நினைச்சா பாவமா இருந்துச்சு. பேரெல்லாம் சொல்ல மாட்டேன்.”

“பாடம் நடத்துனது நான் சார். என்னாலதான்” என்றாள் செண்பகவல்லி. “முதல்ல பயந்தவ எப்படிப் பயத்தை உண்டாக்குனவ ஆவா?”

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பதிவைப் பார்த்தார். “உங்களுது கடைசிவரைக்கும் பச்சை டீச்சர். பயமே இல்லாத ஆளு பயத்தைப் பரப்ப முடியாது. தடமிக்குத் தெரியாததா?”

பிறகு சாட்சித்தாளை நீட்டினார். ‘சுடலைக்கனியால் எனக்கு அச்சம் உண்டாயிற்று.’ வகுப்பில் ஒருவர் மறுத்தாலும் மொத்த வகுப்பும் மதுரைக்குப் போக வேண்டும். நாற்பது பிள்ளைகளும் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் தாள் டீச்சரிடம் வந்தது. நாற்பது பிள்ளைகளின் எதிர்காலம் ஆச்சே என்று நினைத்தாள். நானும் உள்ளே போய்விட்டால் இவளுக்காக அலைய யார் இருக்கிறார்கள் என்றும் நினைத்தாள். எல்லாமே நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டாள்.

வண்டியில் ஏறுமுன் சுடலைக்கனி திரும்பினாள். “டீச்சர், நான் தப்பு பண்ணலன்னு எங்கம்மாட்ட மட்டும் சொல்லிருங்க.”

அந்த அம்மாவின் முகத்தில் முழிக்க செண்பகவல்லிக்குத் தைரியம் வரவில்லை. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். வெட்கத்தில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாடத் தேர்வு. கடைசிக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண்: ‘அன்று சேலத்தில் சாட்சி சொல்ல உங்களை அழைத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?’ தாளில் பெயர் கிடையாது. எழுதியதை விடைநோக்கி என்ற இயந்திரம் படித்து மதிப்பெண் போடும், டீச்சர் சரிபார்ப்பாள்.

முப்பத்தொன்பது தாள்களில் ஒரே பதில். உயிரே போனாலும் பொய்ச்சாட்சி சொல்லியிருக்க மாட்டேன். ஐந்துக்கு ஐந்து. பிள்ளைகள் ஏமாற்றவில்லை, மனதார நம்பித்தான் எழுதியிருந்தார்கள். தானும் பதினைந்து வருடமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாற்பதாவது தாளில் கோணல்மாணலான எழுத்து. பூதப்பாண்டியுடையது. ‘சொல்லியிருப்பேன். செவ்வாய்க்கிழமை சொன்னேனே.’

விடைநோக்கி அதற்குப் பூஜ்யம் போட்டிருந்தது. செண்பகவல்லி அதை அடித்துவிட்டு ஐந்து போட்டாள். திரையில் எழுத்துகள் வந்தன: ‘இவ்விடை பிறரிடம் அச்சம் விளைவிக்கக் கூடியது. அமைதியகத்துக்கு அனுப்ப எழுதியவர் பெயரைத் தருக.’

எழுத்தை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தையும் சோதிக்க ஆள் வரும். கோணல் எழுத்தை இன்னொரு முறை படித்தாள். அவளே எழுதியிருக்க வேண்டிய பதில்தான் அது.

செண்பகவல்லி, வரலாற்று ஆசிரியை என்று தட்டினாள்.

‘உறுதிதானா?’

ஆமாம் என்பதை அழுத்தினாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மதுரையில் சுடலைக்கனி இனித் தனியாக இருக்க மாட்டாள்.