ஆலாத்திட்டில் உச்சிவெயில்

உப்பளங்களுக்கு நடுவே ஓடிய மண்பாதை, அந்தப் பழைய பங்களாவின் வாசலோடு முடிந்துபோனது. ஒரு காலத்தில் உப்பு அதிகாரிகள் தங்கிய வீடு. இப்போது கொக்கன்கழி பறவைகள் காப்பகத்துக்கு வேலையாக வருகிறவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து கூடங்குளம் வழியாக ஜீப்பில் வந்து இறங்கிய அனுராதா, வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

அந்த உப்பங்கழியை அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எப்படிக் காப்பது என்று திட்டம் எழுதுவது அவள் வேலை. படகு எதுவரை வரலாம், வலை எந்த மாதம் விரிக்கலாம், எந்த இடத்தில் மனிதக் காலே படக்கூடாது என்பதையெல்லாம் அவள்தான் வகுக்க வேண்டும்.

படகோட்டி நேசையா வந்து பூட்டைத் திறந்தார். ஐம்பதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். கதவு திறந்ததும் உப்பும் வௌவால் எச்சமும் கலந்த நெடி அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. உடைந்த முட்டையின் பச்சை வாடை.

மேசையில் வரைபடத்தை விரித்தபோதே போன் வந்தது. சிவசண்முகம். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. திட்டக் குழுவுக்கு இப்போது அவர்தான் தலைவர்.

"அனுராதா, ஒரு சின்னத் திருத்தம்மா. ஆலாத்திட்டை எல்லைக்கு வெளிய தள்ளிரு."

"சார், இந்தக் கரையில ஆலா முட்டையிடுத இடமே அது ஒண்ணுதான். அதைத் தள்ளிட்டு எதைக் காப்பாத்தப் போறோம்?"

"பறவைக்கு றெக்கை இருக்கு, வேற இடம் பார்த்துக்கிடும். இறால் பண்ணைக்காரங்களுக்குப் படகுத்துறை கட்ட வேற இடம் கிடையாது. நாளைக்கு நானே நேர்ல வாரேன்."

போனை வைத்தபின்னும் அவள் காது சுட்டது. சிவப்புப் பென்சிலை எடுத்துத் திட்டைச் சுற்றி ஒரு கோடு போட்டாள். அழுத்திய அழுத்தில் முனை முறிந்து தாள் கிழிந்தது. பதினைந்து வருடமாக இதே கதை. எதை அழிக்க வேண்டுமோ அதைத் தவிர்த்துவிட்டு மீதியைக் காப்பாற்றச் சொல்வார்கள். கையெழுத்து மட்டும் அவள் கையெழுத்தாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டங்... டங்... டங்...

யாரோ தகர டப்பாவைக் குச்சியால் தட்டுகிறார்கள். கூடவே தண்ணீரைத் தாண்டி ஒரு பெண்குரல் மிதந்து வந்தது.

"ச்சூ... போ... போ..."

முட்டை தின்ன வரும் காக்கையை விரட்டுகிறார்கள் என்று நினைத்தாள். காவலுக்கு ஆள் இருக்கிறதே என்று மனம் சற்று ஆறியது. சாத்தியிருந்த ஜன்னலின் கண்ணாடி வழியே பார்த்தாள். கால்வாய்க்கு அப்பால் வெள்ளை மணல்திட்டு கானலில் நெளிந்துகொண்டிருந்தது. நேர் உச்சி. நிழலே விழாத பொழுது.

திட்டில் யாரும் இல்லை.

டங்... டங்...

பின்கட்டில் நேசையா மீன் அரிந்துகொண்டிருந்தார். "திட்டுல காவலுக்கு யாரு இருக்கா, நேசையாண்ணே?" என்று கேட்டாள்.

அரிவாள்மணையில் அவர் கை நின்றது. "உங்களுக்கும் கேட்டுட்டா?"

"யாரு அது?"

"எம் பொஞ்சாதி சாரம்மா."

"இந்த வெயில்ல தனியாவா?"

"அவ செத்து ரெண்டு வருசம் ஆகுதும்மா," என்றார் நேசையா. மீனையே பார்த்துக்கொண்டு சொன்னார். "தெனம் உச்சியில இப்படித்தான் தட்டுதா. இந்நேரத்துக்கு நான் யாரையும் அங்கன ஏத்திட்டுப் போறதில்ல."

மெல்ல மெல்ல அவர் சொல்லச் சொல்ல அனுராதா நின்றபடியே கேட்டாள். சாரம்மாள், முட்டைக் காலத்தில் மட்டும் தினக்கூலிக்கு எடுக்கப்பட்ட காவல்காரி. ரெண்டு வருசத்துக்கு முன்னால், இதே வைகாசியில், படகுத்துறைக்காகத் திட்டை நிரவ அக்கரைப் பக்கமாக டிராக்டர் வந்திருக்கிறது. நேசையா அன்றைக்குக் கடலில் இருந்தார். திரும்பி வந்தபோது திட்டு பலகைபோலச் சமமாகக் கிடந்தது. சாரம்மாளைக் காணோம். முகத்துவாரத்து நீரோட்டம் இழுத்துப் போய்விட்டது என்று போலீசில் எழுதி முடித்துவிட்டார்கள். சில நாள் கழித்துக் காற்று மணலை அரித்தபோது நடுத்திட்டில் ஐந்து விரல்கள் தெரிந்தன.

"வாயெல்லாம் மண்ணும்மா. கடல் கொண்டுபோனவள ஆளுயர மண்ணுக்குள்ள எவன் வச்சான்? கேட்டேன். காத்து மூடிட்டுன்னு சொல்லுதான்." நேசையா அரிவாள்மணையைத் தள்ளிவிட்டார். "காத்து!"

இத்தனை கோப்புகள் அனுராதாவின் கைக்கு வந்தன. ஒன்றில்கூட அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. எத்தனை முட்டை அழிந்தது என்று எழுதியிருந்தார்கள். ஒரு மனுஷி செத்ததை எழுதவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

அறைக்குத் திரும்பினாள். வரைபடத்தின் மேல், சிவப்புக் கோட்டுக்கு உள்ளே, ஒரு பிடி ஈரமணல் குவிந்திருந்தது.

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

மறுநாள் பகலில் சிவசண்முகம் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, கையில் குடை. திட்டை நேரில் பார்த்துவிட்டால் எல்லைக்கல்லை எங்கே நகர்த்தலாம் என்று சொல்லிவிடுவாராம். உச்சி நெருங்குகிறது என்று அனுராதா தயங்கினாள்.

நேசையா அவளைத் தனியே அழைத்துப் பையக் கேட்டார். "நேத்து போன்ல திட்டு வேணாம்னு சொன்னவரு இவருதானா?"

"ஆமாண்ணே."

அவர் நேரே போய்ப் படகை அவிழ்த்தார்.

திட்டெங்கும் முட்டைகள். மணல் நிறத்திலேயே புள்ளி போட்டு, வெறும் குழிகளில் கிடந்தன. ஆலாக்கள் தலைக்கு மேலே கத்திச் சுழன்றன. சிவசண்முகம் குடையை விரித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். காலடியில் ஏதோ நொறுங்கியது.

"சார்! கீழ பார்த்து நடங்க!"

"நீயும் கூச்சல் போடாதம்மா." ஷூவை மணலில் தேய்த்தார். "போன தடவையும் இதே பாடுதான். டிராக்டர் முன்னால உக்காந்தவ, எந்திரி எந்திரின்னு எத்தனை தடவை சொல்லியும் கேக்கல. டிரைவர் பயல் வேற பயந்துட்டான், கடைசியில நான்தான்..."

பேச்சு பாதியில் நின்றது.

அனுராதா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க இங்க இருந்தீங்களா?"

படகில் நேசையா துடுப்போடு எழுந்து நின்றுவிட்டார்.

சட்டென்று பறவைகளின் கத்தல் அடங்கியது. அத்தனை ஆலாவும் ஆகாயத்தில்தான் இருந்தன. சிறகு அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை. அலையும் இரையவில்லை. அந்தப் பச்சை வாடை எங்கிருந்தோ கிளம்பி மூக்கை அடைத்தது.

டங்.

மிக அருகில்.

டங்.

"யாரது?" என்றார் சிவசண்முகம்.

மணலில் ஒரு பாதம் பதிந்தது.

வெறும் பாதம். ஐந்து விரலும் தெரிந்தன. குழியில் தண்ணீர் ஊறி நிறைந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒரு முட்டையையும் மிதிக்காமல், வளைந்து விலகி, விலகி, அவை வந்துகொண்டிருந்தன.

"போ..."

காதோரத்தில் கேட்டது. ஈரமூச்சுப் பட்டதுபோல அனுராதாவின் கழுத்து சில்லிட்டது.

சிவசண்முகம் குடையைப் போட்டுவிட்டு ஓடினார். நாலு எட்டில் முழங்கால் புதைந்தது. அடுத்த மூச்சில் இடுப்பு. அனுராதா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். புதைமணல் இப்படி இழுக்காது. கீழே யாரோ இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளி ஒதுக்குகிறார்கள். சர்... சர்... ஒவ்வொரு அள்ளலுக்கும் அவர் உடல் குலுங்கி இறங்குவது அவள் கைவழியாகத் தெரிந்தது.

விட்டுவிடலாம். ஒரு கணம் அவள் விரல்கள் உண்மையாகவே தளர்ந்தன.

"நேசையாண்ணே! வாங்க!"

நேசையா வந்தார். கையை நீட்டவில்லை. மார்புவரை புதைந்துவிட்ட மனிதருக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"சொல்லும்வே. மண்ணத் தள்ளும்போது அவ உசுரோட இருந்தாளா?"

சிவசண்முகத்தின் உதட்டோரம் மணல் ஒட்டியிருந்தது. "இருந்தா... கை அசைஞ்சுது. வெளிய தெரிஞ்சா எல்லாருக்கும் வினைன்னு... நான்தான் மூடச் சொன்னேன். தூக்கி விடுங்க... தூக்கி விடுங்க..."

நேசையாவின் தொண்டையிலிருந்து எழுந்தது மனிதச் சத்தமாகவே இல்லை. துடுப்பைத் தலைக்கு மேலே ஓங்கினார்.

"வேண்டாம்ணே!" அனுராதா கத்தினாள். "எனக்கும் கொல்லணும்போலத்தான் இருக்கு. ஆனா இதை இவரு எல்லார் முன்னாலயும் சொல்லணும்!"

துடுப்பு அந்தரத்தில் நின்றது. நேசையா மெல்லத் திரும்பினார். கடைசிக் கால்தடம் பதிந்திருந்த இடத்தில், ஒன்றுமில்லாத வெயிலைப் பார்த்துப் பேசினார்.

"சாரம்மா... விட்டுரு தாயி. சொல்லட்டும்."

அள்ளும் சத்தம் நின்றது. மறுகணம் ஆலாக்களின் கத்தல் இடிபோல மேலே விழுந்தது.

இருவருமாக அவரை இழுத்து வெளியே போட்டார்கள்.

அவர் சொல்லவில்லை. காவல் நிலையத்தில், வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "வெயில்ல மயக்கம் வந்துட்டு, என்ன உளறினேன்னே தெரியல" என்றார். எழுதிக்கொண்டவர் தலையாட்டினார். அனுராதா மேசையை ஓங்கி அறைந்த அறையில் பேனா உருண்டு கீழே விழுந்தது. அன்றே நேசையாவை அழைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள். வழக்கு இன்னும் நடக்கிறது. சிவசண்முகம் குழுவிலிருந்து விலகிவிட்டார். மண்தரையில் அவர் கால் வைப்பதில்லை என்றும், வாசலில் காரை ஒட்டி நிறுத்தி ஏறுகிறார் என்றும் கேள்வி.

படகுத்துறை வேலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கூலியாளும் வரவில்லை. ஆலாத்திட்டு எவரும் கால்வைக்கக் கூடாத இடமாகத் திட்டத்தில் நின்றது. சாரம்மாளின் பெயரை முதல் பக்கத்தில் அனுராதா எழுதினாள். எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

அடுத்த வைகாசியில், திட்டத்தின் முதல் ஆண்டைப் பரிசீலிக்க அவள் மறுபடி வந்தாள். காலை பத்து மணி இருக்கும். கால்வாய்க் கரையில் நின்று தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தாள். வற்றிய கால்வாயைத் தாண்டி ஏழெட்டுத் தெருநாய்கள் திட்டின் விளிம்புவரை வந்திருந்தன. முட்டைகள் கைக்கெட்டும் தூரம். ஆனால் ஒரு நாயும் மேலே ஏறவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அவற்றின் தலைகள் ஒன்றாக, மெதுவாக, இடமிருந்து வலமாகத் திரும்பின. திட்டின் நீளத்துக்கு யாரோ நடந்து போவதைப் பார்ப்பதுபோல.

பிறகு கால்வாய்ப் பக்கம் திரும்பின. அந்தப் பார்வை கால்வாயைக் கடந்து, கரையேறி, அவளை நோக்கி வந்தது.

அனுராதா தொலைநோக்கியை இறக்கினாள். அத்தனை நாய்களும் அவளுக்கு இடப்பக்கம், கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.