அன்று வராத அதட்டல்

"என் வீட்டுக்காரரைத் தூக்குல போட்டுடுவாங்க, ஐயா. அவர் தண்ணியில எதையும் கலக்கல" என்றாள் தெராய் ஃபுசா. சொல்லிவிட்டுப் பாயில் நெற்றி படக் குனிந்தவள் நிமிரவில்லை.

நிரே கணப்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். ஜப்பானியத் துறைமுக ஊரான இசோத்தானியில், நூடுல்ஸ் கடை ஒன்றின் மாடியில் குடியிருந்த அவர் ஒரு காலத்தில் நீதிபதி. மேலிடம் கேட்ட தீர்ப்பை எழுத மறுத்து வேலையை விட்டவர். பிறத்தியார் சிக்கலைப் பிரித்துப் பார்ப்பதுதான் இப்போது பிழைப்பு.

"குனிஞ்சே இருந்தா எப்படிம்மா பேசறது? முதல்ல டீயைக் குடிங்க."

மூலையில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த வகுயி, வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினான். உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர். முப்பது தாண்டியும் வாய் ஓயாதவன். "நான் அந்தக் கூட்டத்துல முன்வரிசைங்க ஐயா. என்னைக் கேளுங்க, எல்லாம் சொல்றேன்" என்றான்.

ஊரே ஒரு வாரமாகப் பேசிய சங்கதிதான் அது. பழைய நாடகக் கொட்டகையில் அரசியல் கூட்டம். சட்டப்படி மேடையிலேயே ஒரு போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருப்பார்; அவர் 'நிறுத்து' என்றால் பேச்சாளர் இறங்கிவிட வேண்டும். சுமைதொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஹொசாகா பேசிக்கொண்டே மேஜை மேலிருந்த கூஜாவிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். அடுத்த வார்த்தை வரவில்லை. தண்ணீரில் சயனைடு. அவருக்கு முன்னால் அதே மேஜையில் நின்று பேசியவர் ஃபுசாவின் கணவர் தெராய், அரசியல் பேசியதற்காகப் பள்ளிக்கூட வேலையை இழந்த வாத்தியார்.

"போலீஸ் கணக்கு ரொம்ப சுலபம்" என்றான் வகுயி. "மேடை ஏறினதும் தெராயே அந்தக் கூஜாவிலேர்ந்து குடிச்சார். ஒண்ணும் ஆகல. அப்போ விஷம் அதுக்கப்புறம்தான் விழுந்திருக்கு. மேஜைகிட்ட கடைசியா நின்னவர் யாரு? தெராய். அவங்கப்பா பூஜை மாடச் சாமானுக்குத் தங்கமுலாம் பூசறவர், பட்டறையில சயனைடு எப்பவும் இருக்கும். நகரசபைத் தேர்தல்ல யார் நிக்கறதுன்னு ஹொசாகாவுக்கும் இவருக்கும் சண்டை வேற. போதாக்குறைக்கு, குத்தத்தை ஒத்துக்கிட்டும் எழுதிக் கொடுத்துட்டார்."

"எழுத வெச்சாங்க" என்றாள் ஃபுசா.

"நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டார் நிரே.

"பொம்பளைங்க அரசியல் கூட்டத்துக்குள்ள போகக் கூடாதுன்னு சட்டமாச்சே. சந்துல, ஜன்னலுக்குக் கீழ நின்னேன். எதையும் பாக்கல. கேட்டது மட்டும்தான்."

"கேட்டதைச் சொல்லுங்க."

"என் வீட்டுக்காரர் ரெண்டு வார்த்தைதான் பேசினார். 'நிறுத்து'ன்னு அதட்டல் வந்துச்சு. உடனே உள்ள ஒரே கலாட்டா. அது அடங்கினதும் ஹொசாகா ஐயா ஆரம்பிச்சார். பனி கொட்டுது, கால் மரத்துப் போச்சு. எப்படா அவரையும் நிறுத்துவாங்க, வீட்டுக்குப் போகலாம்னு அந்த அதட்டலுக்குக் காத்துக்கிட்டே நின்னேன். அவர் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தார். குரல் கட்டிப்போய் இருமினார். அப்புறம் ஏதோ விழுந்த சத்தம்."

"என்னா பேச்சு தெரியுமா அது" என்று வகுயி துள்ளினான். "'ஏழைங்க அரிசியை மேயர் களவாடிக் கப்பல்ல ஏத்தினார், அதுக்குக் காவலா நின்னது போலீஸ் கத்தி'ன்னு மேயரைப் பேர் சொல்லியே அடிச்சாரு. இந்த ஊர் மேடையில நான் கேட்டதே இல்ல. சிங்கம்ங்க. மேடையில இருந்த போலீஸ்காரனே வாயடைச்சுப் போயிட்டான்."

நிரே கரியைக் கிளறிக்கொண்டிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். "அதே போலீஸ்காரன்தான் தெராயை நிறுத்தினானா? எந்த வார்த்தைக்கு?"

"அவனேதான். குரோசுமி, உதவி ஆய்வாளர். 'அரிசி விலை இன்னும் குறையல'ன்னு தெராய் சொன்னார். அதுக்கே நிறுத்திட்டான். சந்தையில கத்தரிக்காய் விக்கிறவள்கூடச் சொல்றதுதான்."

"கத்தினது உக்காந்த இடத்துலேர்ந்தா?"

வகுயி யோசித்தான். "மத்த நாள்ல உக்காந்தபடியே கத்துவான். கீழே இருக்கற கான்ஸ்டபிள் ஏறி வந்து ஆளை இழுத்துட்டுப் போவான். அன்னிக்கு அவனே எழுந்து மேஜைக்கு வந்தான். மேஜையை ஓங்கித் தட்டினான். ஜனங்க கொதிச்சுப்போய் உக்கார்ற மெத்தையையெல்லாம் வீசினாங்க. என் மூஞ்சியிலயே ஒண்ணு விழுந்துச்சு."

"அப்போ மேஜையை யாரும் பாத்திருக்க மாட்டீங்க."

"மெத்தை மூஞ்சியில இருக்கறப்போ என்னத்தைப் பாக்கறது?"

மறுநாள் நிரே சிறைக்குப் போனார். தெராயின் இரண்டு கைகளும் துணிச் சுற்றலில் இருந்தன. விரல்களுக்கு இடையில் கட்டைகளைக் கொடுத்து நெரித்திருந்தார்கள். வாக்குமூலம் வந்த வழி அதுதான்.

"ஹொசாகா கடைசியா என்ன சொல்றதா இருந்தார்?" என்று கேட்டார் நிரே.

"பேச்சுக்குத் தலைப்பே அதுதாங்க. 'மீன்படகுத்துறையில் செத்தவள்'" என்றார் தெராய். "அரிசிக் கலகம் நடந்த கோடையில ஒரு மீன்கூடைக்காரி செத்தா. வண்டிச் சக்கரத்துல மாட்டிக்கிட்டான்னு எழுதி மூடிட்டாங்க. அவளை ஒரு போலீஸ்காரன் வெட்டினதை ஹொசாகா கண்ணால பாத்திருக்கார். பேரை மேடையிலதான் சொல்வேன்னு எங்ககிட்டகூடச் சொல்லல."

"தலைப்பு போலீசுக்குத் தெரியுமா?"

"முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாத்தான் கூட்டத்துக்கு அனுமதி. கொடுத்தோம். மறுநாளே தடை செஞ்ச துண்டறிக்கை தேடறோம்னு எங்கப்பா பட்டறையைப் புரட்டிப் போட்டாங்க. வந்தது குரோசுமி."

பட்டறையில் கிழவர் முதலில் வாயைத் திறக்கவில்லை. வகுயி அவரிடம் ஊர்ப்பட்ட கதையெல்லாம் பேசி, மருமகள் அழுததைச் சொன்ன பிறகுதான் உடைந்தார். சோதனைக்குப் பிறகு சின்ன ஜாடி ஒன்று காணவில்லை என்றார். போலீஸ் எடுத்ததைப் போலீசிடமே போய்ச் சொல்ல அவருக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? சொன்னால் மகன் கதிக்கே தானும் ஆளாவோம் என்று பயந்து கிடந்திருக்கிறார்.

"ஐயா, புரிஞ்சு போச்சு" என்றான் வகுயி, தெருவில் இறங்கியதும். "நாளைக்கே பத்திரிகையில போட்டு நாறடிச்சுடறேன்."

"நாளைக்கே உன் பத்திரிகையை மூடிடுவாங்க. ஜாடி எடுத்ததுக்குச் சாட்சி, பயந்து நடுங்கற கிழவர். அதுவும் கைதியோட அப்பா. யார் நம்புவா? அவன் செஞ்சதை அவனே எல்லார் முன்னாடியும் காட்டணும். ஹொசாகாவுக்கு ஒரு அஞ்சலிக் கூட்டம் போடு. என்னைப் பேச்சாளர்னு எழுதிக் கொடு."

"அவன் வருவானா?"

"அந்தத் தலைப்பை மறுபடி கொடுத்தா, வராம அவனால இருக்க முடியாது."

கொட்டகை நிரம்பி வழிந்தது. அதே மேஜை, அதே கூஜா. பக்கத்தில் நாற்காலியில், முழங்காலுக்கு நடுவே உறையோடு நீளக் கத்தியை ஊன்றிக்கொண்டு குரோசுமி உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் இருந்தவர் அரசு வழக்கறிஞர். நிரேயோடு ஒரே நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர், பழைய சிநேகத்துக்காக வந்தவர், வந்ததற்காக முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவர்.

நிரே மேடை ஏறினார். கூஜாவைத் தொடவில்லை.

"நான் சொந்தமா ஒண்ணும் பேசப் போறதில்ல. செத்துப்போனவர் கடைசியா என்ன பேசினாரோ, அதை அப்படியே சொல்லப் போறேன். இது அன்னிக்கு இதே அதிகாரி முன்னால, இதே இடத்துல, எந்தத் தடையும் இல்லாம பேசின பேச்சு."

குரோசுமியின் கை கத்திப் பிடியில் இறுகியது. நிரே நிதானமாக ஆரம்பித்தார். துறைமுகம், கூலி, குளிர், பட்டினி. பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்: "ஏழைங்க அரிசியை மேயர் களவாடிக் கப்பல்ல ஏத்தினார். அதுக்குக் காவலா நின்னது போலீஸ் கத்தி."

குரோசுமி முன்வரிசையைப் பார்த்தான். அரசு வழக்கறிஞர் நிமிர்ந்து உட்கார்ந்து, 'இதைக் கேட்டுக்கொண்டா இருக்கிறாய்' என்பது போல அவனையே முறைத்தார். குரோசுமியின் நெற்றியில், அந்தக் குளிரிலும், வேர்த்தது.

"நிறுத்து" என்றான்.

நிரே நிறுத்தினார். எவரும் கத்தவில்லை, மெத்தை பறக்கவில்லை. அந்த அமைதியில் செருப்பு விடும் வாசல் பக்கமிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

எல்லாரும் திரும்பினார்கள். ஃபுசா உள்ளே வந்திருந்தாள். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் வாசல் தூணை விடவில்லை. "நான் ஜன்னல் கீழ நின்னேனே. இந்தச் சத்தத்துக்குத்தானே காத்துக்கிட்டு நின்னேன். இதே வார்த்தையைத்தானே அவரும் சொன்னாரு. அன்னிக்கு ஏன் நிறுத்தல?"

"பொம்பளை... சட்டப்படி..." என்று ஆரம்பித்தான் குரோசுமி.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். "அந்தம்மாவை விடு. நான் கேக்கறேன். ஏன் நிறுத்தல?"

குரோசுமி வாசல் பக்கம் பார்த்தான்.

"அவர் சொல்ல மாட்டார், நான் சொல்றேன்" என்றார் நிரே. "அரிசி விலைன்னு சொன்ன வாத்தியாரை நிறுத்தினார். ஏன்? கலாட்டா வேணும். அந்தக் கலாட்டாவுல மேஜைக்கு வரணும். மேயரைத் திருடன்னு சொன்னவரைப் பேச விட்டார். ஏன்? நிறுத்தியிருந்தா ஹொசாகா தண்ணி குடிக்காமலே இறங்கியிருப்பார். அடுத்த ஊர்ல போய் மீதியைப் பேசியிருப்பார். தொண்டை வறண்டு அவராவே தம்ளரை எடுக்கற வரைக்கும் பேச விடணும். மேயரை என்ன சொன்னாலும் இவருக்குக் கவலை இல்ல. பேச்சோட கடைசியில வரவேண்டிய ஒரு பேர்தான் வரக் கூடாது. மீன்படகுத்துறையில ஒரு கூடைக்காரியை வெட்டினவன் பேர். விஷம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியணும்னா, முலாம் பட்டறையை யார் சோதனை போட்டாங்கன்னு பாருங்க."

"என் புருஷன் கையைப் பாருங்க முதல்ல" என்றாள் ஃபுசா.

அரசு வழக்கறிஞர் மேடை ஏறிக் கையை நீட்டினார். குரோசுமி கத்தியைக் கழற்றிக் கொடுக்க நேரம் எடுத்துக்கொண்டான். கூட்டத்தில் எங்கோ ஒரு கிழவி மாதிரி யாரோ விம்மினார்கள். பார்த்தால் அது வகுயி.

ஜாடி குரோசுமியின் வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் கிடைத்தது. கால்வாசி குறைந்திருந்தது. தெராய் வெளியே வந்தார். விரல் எலும்புகள் கூடவில்லை, ஃபுசா ஊட்டினால்தான் சோறு. மேயர் மேயராகவே இருந்தார். கூடைக்காரி வண்டியில் மாட்டிச் செத்தவளாகவே இன்னும் பதிவில் இருந்தாள். பழைய காகிதத்தைத் திருத்த யாருக்கும் அவசரமில்லை.

இதெல்லாம் நடந்து முடிவதற்குள் காவல் நிலையம் ஒரு வேலையை மட்டும் தாமதமில்லாமல் செய்தது. பெண்ணாக இருந்துகொண்டு அரசியல் கூட்டத்தில் கலந்துகொண்டாள் என்று தெராய் ஃபுசா மீது வழக்கு. அழைப்பாணையை எடுத்துக்கொண்டு அவள் மாடிக்கு வந்தபோது வகுயிக்குக் கோபத்தில் மூஞ்சி சிவந்துவிட்டது.

"இதை உடைச்சுடலாங்க ஐயா. வாசல்ல நின்னவங்க கூட்டத்துல கலந்துக்கிட்டதா ஆகுமா? வாசல் வேற, கொட்டகை வேற. நான் சாட்சி சொல்றேன்."

"உடைக்கலாம்" என்றார் நிரே. ஃபுசாவைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? உள்ள வரல, வாசல்லதான் நின்னேன்னு எழுதிடவா?"

ஃபுசா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வேண்டாங்க ஐயா" என்றாள். "அன்னிக்குத்தான் வெளிய நின்னேன். இந்தத் தடவை உள்ள இருந்தேன்னே எழுதுங்க."