இரண்டு மரோவாக்களின் ஐந்நூறு மைல்

"நியாஷா மரோவா..." என்று கவுண்டர் பெண் கூப்பிட்டதும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

ஒருத்தி நியாஷா. காலையிலிருந்து அந்த விமானக் கம்பெனி அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு விட்டுப்போயிருந்தவள். முந்தின நாள்தான் லுசாக்காவிலிருந்து வந்திருந்தாள். இன்னொருவன் கதவோரம் இருந்த நெட்டையன். முகத்தில் களைப்பு. கண்களில் மட்டும் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது.

"அது நான்," என்றாள் அவள்.

"நானுந்தான்," என்றான் அவன்.

"வரிசையில முந்தறதுக்கு என் பேரையே எடுத்துக்கிட்டீங்களா?"

அவன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். நியாஷா சைமன் மரோவா. நியாஷா என்ற பெயரை ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். அது ஹராரேயில் புதிதில்லை. குடும்பப் பெயருமா ஒத்துப்போகும்...

"வீட்ல சைமன்னுதான் கூப்பிடுவாங்க," என்றான். "நீங்களும் அப்படியே கூப்பிடலாம். ரெண்டு பேருக்கும் குழப்பம் இல்ல."

அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஊர் ஊராகப் போய், தடுப்பூசி மருந்தைக் கெடாமல் குளிரில் வைப்பது எப்படி என்று நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. பெட்டியை முழுதாகப் பிரித்துப் பல மாதமாகிறது. இத்தனை அலைச்சலுக்கும் கையில் மிஞ்சியது பறந்த தூரத்துக்காக விமானக் கம்பெனி கணக்கில் ஏற்றும் மைல்கள் மட்டும்தான்; போதுமானது சேர்ந்தால் ஓர் இலவச டிக்கெட். அதைச் சேர்த்துச் சேர்த்து ஒரு தடவை சான்சிபார் தீவுக்குப் போக வேண்டும். அவளுக்குக் கடல் என்பது விமான ஜன்னலுக்குக் கீழே தெரியும் நீலம், அவ்வளவுதான். அந்தக் கரையில் படுத்து, யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும்... வேறு ஆசை இல்லை.

அதற்குத்தான் இப்போது முட்டுக்கட்டை. கிகாலி போய் வந்த மைல்கள் கணக்கில் ஏறவே இல்லை. போர்டிங் பாஸ் துண்டையும் எங்கோ தொலைத்துவிட்டாள். ஏற்கெனவே இருந்தவையோ மாதக் கடைசியில் காலாவதியாகின்றன.

காணாமல் போன மைல்கள் எங்கே போயின என்பது கவுண்டரிலேயே தெரிந்துபோயிற்று. சைமனின் கணக்கில் இருந்தன. நான் கிகாலிப் பக்கமே போனதில்லை, இது யாருடையதோ, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் அவன் வந்திருந்தான்.

"எத்தனை மாசமா வச்சிருந்தீங்க?" அவள் குரலில் முள் இருந்தது.

"கவனிச்சது நேத்துதாங்க. திருடனா இருந்தா திருப்பிக் குடுக்க வரிசையில நிப்பனா?"

கவுண்டர் பெண், திருத்தம் தலைமை அலுவலகத்திலிருந்துதான் வரவேண்டும், மாதக்கணக்காகலாம் என்றாள். காலாவதியைத் தள்ளிவைக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று கையை விரித்தாள்.

வெளியே வந்தால் மழை. நவம்பர் மழை, மொத்தமாகக் கொட்டியது. கடையோரக் கூரையின் கீழ் இருவரும் ஒதுங்கி நின்றார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மைலுக்காகவா அழுகிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"கணக்கு செத்துப்போகாம இருக்க ஒரு வழி இருக்கு," என்றான் சைமன், மழையைப் பார்த்தபடியே. "அதுல ஏதாவது அசையணும். கொஞ்சம் மைல் வந்தாலும் சரி, போனாலும் சரி... மறுபடி ஒரு வருஷம் ஆயுசு."

சொல்லிக்கொண்டே தன் போனிலிருந்து ஐந்நூறு மைல் அவள் கணக்குக்கு அனுப்பிவிட்டான். யாரிடமும் சும்மா வாங்கிப் பழக்கமில்லாதவள் அவள். அடுத்த மாதமே அந்த ஐந்நூறையும் திருப்பி அனுப்பினாள். அனுப்பும்போது ஒரு வரி எழுத இடமிருந்தது. 'நன்றி. கணக்குத் தீர்ந்தது' என்று எழுதினாள்.

தீரவில்லை. அதற்கடுத்த மாதம் ஐந்நூறு மைல் மறுபடி வந்தது. சைமன் கால்பந்தாட்டத்தில் கோட்டோரம் கொடி பிடித்து ஓடும் துணை நடுவர். 'பிரான்சிஸ்டவுன். ஆஃப்சைடு கொடுத்தேன். தண்ணீர் பாட்டிலால் அடித்தார்கள். தலை பத்திரம்' என்று எழுதியிருந்தான். அவள் லிலாங்வேயிலிருந்து பதில் போட்டாள்: 'ஜன்னல் திறக்காத அறை. தூக்கம் இல்லை. தலைக்கு ஐஸ் வையுங்கள்.'

வருஷத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் போதும் என்பது இருவருக்குமே தெரியும்...

இடையிடையே ஊரில் இருக்கும் நாட்களில் சந்தித்தார்கள். ஒரே தட்டில் சட்சா என்ற சோளக்களியைப் பிட்டுத் தின்றார்கள். அவள் பேச்சின் நடுவே கண்ணயர்ந்தால் அவன் எழுப்ப மாட்டான். தேநீரைத் தட்டால் மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பான். விழித்ததும் அவள் பார்ப்பது அந்தக் கண்களைத்தான்.

ஆனால் புதிதாகப் பழகும் இருவர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வியை அவன் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. உங்கள் குலவிலங்கு எது? ஒரே விலங்கென்றால் பங்காளி முறை. அண்ணன் தங்கை. அதற்கு மேல் பேச்சே இல்லை.

கேட்டது மேவிஸ் அத்தைதான். கல்யாணக் காரியத்தை முதலில் அப்பாவின் தங்கையிடம் சொல்வதுதானே முறை. நியாஷா தயங்கித் தயங்கி அவன் பெயரைச் சொன்னாள்.

"மரோவாவா? அடி பாவி... எங்க பெரியப்பா ஒருத்தர் முட்டாரே பக்கம் போய் அங்கயே தங்கிட்டார். அவர் வழி வந்தவனா இருப்பான். உனக்கு அண்ணன் முறை ஆகும்டி."

அன்றிலிருந்து நியாஷா மைல் அனுப்பவில்லை. அவன் அனுப்பியதற்கும் பதில் போடவில்லை. சேர முடியாது என்று உறுதியாகத் தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமலே இருப்பது மேல் என்று தோன்றியது. வேலையைக் கூடுதலாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் கிகாலி மைல்கள் தாமாகவே கணக்கில் வந்து ஏறின. சான்சிபாருக்கு டிக்கெட் எடுத்தாள். எடுத்தபோது சந்தோஷம் மட்டும் வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிறு. கால்கள் அவளை, அன்று சைமன் கொடி பிடிக்கும் ஆட்டம் நடக்கிற ருஃபாரோ மைதானத்துக்குக் கொண்டுபோய்விட்டன.

தூறலில் கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தான் சைமன். முழங்கால்வரை சேறு. கொடியை உயர்த்திய ஒவ்வொரு முறையும் கூட்டம் அவன் அம்மாவை இழுத்துத் திட்டியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக இப்படி ஓடுகிறான்... பக்கத்தில் இருந்தவன் கண்தெரியாத கழுதை என்று கத்தியபோது நியாஷாவுக்குப் பொறுக்கவில்லை.

"அவர் கொடி தூக்கினது சரிதான்," என்றாள்.

"உனக்கென்ன தெரியும் சிஸ்டர்?"

"ஆட்டம் தெரியாது. ஆளைத் தெரியும்."

ஆட்டம் முடிந்து வாசலில், சோளம் சுடுகிறவளின் குடைக்குப் பக்கத்தில் நின்றாள். தோளில் பையோடு வந்தவன் அவளைக் கண்டதும் நின்றுவிட்டான். அந்தக் கண்களில் இப்போது சிரிப்பு இல்லை.

"நாளைக்குக் கடலுக்குப் போறேன்," என்றாள். "அங்கயாவது தூங்கணும். இதைச் சொல்லாமப் போனா தூக்கம் வராது. நீ பங்காளியா இருந்தாலும் சரி, சைமன்... உறவை வெட்ட ஒரு மாடு குடுத்தாப் போதும்னு ஒரு வழக்கம் இருக்காமே. அந்த மாட்டை நான் வாங்கித் தரேன். எனக்கு நீ வேணும். ஓடி ஓடி ஓஞ்சுபோயிட்டேன். வந்து சேர்ற இடத்துல நீ இருக்கணும்."

முதல்முறையாக 'நீ' என்று வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

"உன் குலம் என்னன்னு கேட்டு எத்தனை தடவை எழுதி அழிச்சேன் தெரியுமா?" என்றான் அவன். "பயம். நீ என்ன சொல்லிடுவியோன்னு..."

"எங்களுது சோகோ. குரங்கு."

மழைத்தண்ணீரோ வேறெதுவோ, அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மரோவாங்கறது எங்க தாத்தாவோட சொந்தப் பேரு, அதையே குடும்பப் பேரா வச்சுக்கிட்டோம். எங்க குலம் மோயோ."

மோயோ. இதயம். விலங்குக்குப் பதில் உறுப்பைச் சின்னமாகக் கொண்ட வேறு குலம்.

அவள் சோளக்காரியின் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாள் களைப்பும் சேர்ந்து கண்ணீராக இறங்கியது. அவன் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். சேறு படிந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அவள் கையை எடுத்துக்கொண்டான்.

"நாளைக்குப் போக வேணாமா?" என்று கேட்டாள் மெல்ல.

"போயிட்டு வா. யாரும் எழுப்பாமத் தூங்கு," என்றான் சைமன். "அதுக்குள்ள நான் உங்க அத்தையைப் பார்த்துப் பேசிட்டு வந்துடறேன்."