நாரையும் ஆமையும் வரைந்த கெண்டி

இரவு முழுதும் பனி மூடிக் கிடந்த கிடங்கிலிருந்து எடுத்து வந்த அரக்குக் கெண்டி, மினேயின் உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருந்தது. கருப்பு அரக்கின் மேல் தங்கத்தில் நாரை, ஆமை, பைன் கிளை. எல்லாம் நீண்ட ஆயுளுக்காக வரைந்தவை. ஆமையின் கழுத்து துடித்தது போலிருந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

புத்தாண்டுக் காலை. மூலிகை ஊறிய அரிசி மதுவை வீட்டில் இளையவர் முதலில் குடிக்க வேண்டும், மூத்தவர் கடைசியில். இளமை கிண்ணத்தோடு கைமாறும் என்பார்கள். போன வருடம் முதலில் குடித்தவள் நாத்தனார் நவோ. பதினேழு வயது. பிளம் மரம் பூக்கும் முன்பே கூன் விழுந்து, தலை நரைத்துச் செத்தாள். அந்த வாரமே மாமியார் தொமே கைத்தடியைத் தூக்கிப் போட்டாள்.

இந்த வருடம் இளையவன் மினேயின் மகன் இக்குமா. ஒரு வயதுகூட நிறையவில்லை.

“பச்சைப்பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு அத்தை?”

“குடிக்கவா சொன்னேன்? உதட்டுல தொட்டு வையி. உங்க வீட்டுல முறையே தெரியாம வளத்தாங்களா?”

கணவன் சேய்ஜி இனிப்புக் கருப்பு பீன்ஸைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். நிமிரவில்லை. “அம்மா சொல்றதைச் செய்யேன்.”

தொமே கிண்ணத்தைக் குழந்தையிடம் நீட்டினாள். மினே அதைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தாள். பட்டை வாசனை, அதனடியில் ஈர மண்ணின் வாடை.

“இவனுக்குப் பதிலா நான்.”

“சரிம்மா. யாரு வேண்டாம்னா?” தொமே சிரித்தாள். அடுத்து சேய்ஜி குடித்தான். கடைசியாக அவள், கண்ணை மூடி, நிதானமாக.

மினே தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது, அடுப்பில் சூப் கொதித்து அடங்கியது, காகிதக் கதவில் வெயில் ஏறியது, தோல் சுருங்கவில்லை. மதியமாயிற்று. ஒன்றுமில்லை. பசியில் இக்குமா அழுதான். நிம்மதியில் அவளுக்கும் அழுகை வந்தது. மடியில் கிடத்திப் பால் கொடுத்தாள்.

“பால்ல இறங்கணுமில்ல,” என்றாள் தொமே. “அதுக்குத்தான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்.”

மினே குழந்தையை விலக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவன் வாயின் பிடி இறுகியது.

எதிரே மாமியாரின் முதுகு நிமிர்ந்தது. சடக். சடக்.

உறிஞ்சல் நின்றது. மடியில் கனம் குறைந்திருந்தது. குனிந்தாள்.

நரைத்த உச்சி. ஒட்டிய கன்னம். பால் வழியும் வெற்று ஈறு. அவள் துணியில் சிந்திக் கிடந்தன, அரிசி போல, பால்பற்கள்.

பீளை படிந்த கண்கள் அவளைத் தேடி அண்ணாந்தன. தெரிந்த ஒரே சொல்லைக் கிழவனின் குரலில் சொன்னான்.

“அம்மா.”