வேகவிடாத கிணறு

"அறுபது டிகிரி காட்டினா கருவாட்டுக் கொட்டகைக்குக் கையெழுத்து. இல்லேன்னா ஃபைல மூடிடுவேன்!"

படகுத்துறையில் நின்ற அதிகாரி சொல்லி முடிப்பதற்குள் செய்யது படகைத் தள்ளிவிட்டார்.

அலையாத்திக் காட்டுக்குள் மறைந்து கிடந்தது அந்தச் சோதனைக் கிணறு. ஒரு கிலோமீட்டர் ஆழம். அடியில் நாற்பத்து நான்கு டிகிரிதான் என்று பழைய கணக்கு. அந்தச் சூட்டைக் குழாயில் கொட்டகைக்குக் கொண்டுவந்தாலும் மழைக்காலத்தில் மீன் உலராது, புழுத்துப்போகும். ஊர்ப் பெண்களின் கருவாட்டுப் பிழைப்புக்காகப் பாக்கியவதி படகேறியிருந்தாள். வேதரத்தினமும் செய்யதும் இளவட்டமாக இருந்தபோது அந்தக் கிணற்றைத் துளைத்த கூலிகள்.

"சூடு உள்ள இருக்கு தங்கச்சி. நாங்கதான் வேகவிடல," என்றார் வேதரத்தினம். "துளைபோடுறப்ப ராப்பகலா ஜில்லுன்னு சேத்துத்தண்ணிய உள்ள பம்ப் பண்ணினோம். நிறுத்தின கையோட, கிணறு மறுபடி சூடேற விடாம, தெர்மாமீட்டர இறக்கினோம். அடுத்தநாள் தீபாவளி. இஞ்சினியர்லேர்ந்து எடுபிடி வரைக்கும் அத்தனை பேருக்கும் ஊர் ஞாபகம்!"

"பாய்க்கு என்ன தீபாவளி?" என்றாள் பாக்கியவதி.

"லாரி சும்மா போவுதேன்னு ஏறிட்டேன்மா," என்று சிரித்தார் செய்யது.

கருவேல முள்ளை வெட்டித் தள்ளியதும் துருப்பிடித்த மூடி தெரிந்தது. வேதரத்தினம் அதன்மேல் கையை வைத்தார். இங்கேதான் துளையிடும் ரிக் நின்றது. கிரீஸ் கையோடு தின்ற புளிச்சோறு, காது கிழிக்கும் இன்ஜின், சங்கிலி அறுந்து விரல் போனதும் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு சிரித்த கூட்டாளி அந்தோணி. நரக வேலைதான். ஆனாலும் அந்த உடம்பு இப்போது எங்கே? ஸ்பானரில் மூன்று பேரும் தொங்கித்தான் மூடி அசைந்தது.

தெர்மாமீட்டர் எஃகு உறைக்குள் கம்பியில் இறங்கியது. அடியைத் தொட்டது!

"தண்ணி வத்துது வேதம்! இப்பவே தூக்கு. வாய்க்கால் சேறாயிட்டா படகு போகாது!"

வேதரத்தினத்தின் கை கம்பி சுற்றும் விஞ்சின் பிடிக்குப் போனது. போன கை நின்றது.

"இன்னிக்கும் லாரி ஏறணுமா செய்யது?"

செய்யது பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தெர்மாமீட்டரில் கீழ்ச்சூடு நன்றாக ஊறட்டும் என்று காத்திருந்துவிட்டு, மாற்றி மாற்றிச் சுற்றி மேலே இழுத்தார்கள். உறை மேலே வருவதற்குள் ஆறிவிட்டது. வேதரத்தினம் தெர்மாமீட்டரை உருவிப் பாக்கியவதியிடம் கொடுத்தார்.

"காய்ச்சல் குச்சி மாதிரிதான், ஏறினது அப்படியே நிக்கும். உதறினா இறங்கிடும். உயிரே போனாலும் ஆட்டாதே!"

படகு பாதி வழியில் தரை தட்டியது. இரண்டு கிழவர்களும் இடுப்பளவு சேற்றில் குதித்தார்கள்.

"தம் புடி!"

"ஏலேலோ தள்ளு!"

சிப்பி காலைக் கிழித்தது. படகு ஒருபக்கம் சாய, பாக்கியவதி முட்டியில் அடிபட்டு விழுந்தாள். தெர்மாமீட்டர் பிடித்த கை மட்டும் அசையவே இல்லை.

"அடியே, நீ அப்பவே எங்க ரிக்ல இருந்திருக்கணும்!" என்று கத்தினார் செய்யது.

துறையில் அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அறுபத்தேழு!"

கரையே கூச்சல் போட்டது. பாக்கியவதி அப்போதுதான் கையை இறக்கினாள்.

சேற்றோடு மணலில் சாய்ந்த வேதரத்தினம் காட்டைத் திரும்பிப் பார்த்தார். "அந்தோணி இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"கூட ஒருநாள் இருந்து பாத்திருக்கலாம்டான்னு திட்டியிருப்பான்," என்றார் செய்யது. "தீபாவளி அடுத்த வருஷமும் வந்துச்சே!"